ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ் (1963): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்? யார் எடுத்தது?

தங்க ஆட்டுத்தோலைத் தேடி ஆர்கோ என்ற கப்பலில் புறப்படும் ஜேசன் என்ற கிரேக்க இளவரசனின் கதையைச் சொல்லும் இந்த வண்ணப்படத்தை கொலம்பியா நிறுவனம் 1963இல் வெளியிட்டது. டான் சாஃபி இயக்கினார், சார்லஸ் ஷ்னீர் தயாரித்தார், ஜான் ரீடும் பெவர்லி கிராஸும் திரைக்கதை எழுதினார்கள். ஜேசனாக டாட் ஆம்ஸ்ட்ராங்கும் அவன் காதலி மெடியாவாக நான்சி கோவாக்கும் நடித்தார்கள்; ஹீரா தேவியாக ஹானர் பிளாக்மனும் ஹெர்குலிஸாக நைஜல் கிரீனும் வருகிறார்கள். ஆனால் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் படம் பேசப்படுவதற்குக் காரணம் இவர்களில் எவரும் இல்லை. உருவங்களுக்கு உயிர் கொடுத்த ரே ஹாரிஹவுசன்தான் காரணம். எந்த உயிரினம் எங்கே வரும், அது எப்படிச் சண்டையிடும் என்பதையெல்லாம் அவர் முதலில் பெரிய பெரிய ஓவியங்களாக வரைந்துவிடுவார். அந்த ஓவியங்களைச் சுற்றித்தான் கதையே வளரும். ஆகவே இதை ஹாரிஹவுசன் படம் என்று ரசிகர்கள் சொல்வது முற்றிலும் நியாயமானது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தெஸ்ஸலி நாட்டு மன்னனைக் கொன்று பெலியாஸ் என்பவன் அரியணையைக் கைப்பற்றுகிறான். கொல்லப்பட்ட மன்னனின் மகன் ஒருவன், ஒற்றைச் செருப்புடன் வருபவன், அவனை அழிப்பான் என்று அவனுக்குக் குறி சொல்லப்பட்டிருக்கிறது. வளர்ந்து திரும்பும் ஜேசன், யார் என்று அறியாமலே பெலியாஸைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறான், அந்த முயற்சியில் ஒரு செருப்பையும் இழக்கிறான். அவனைத் தொலைவில் அனுப்பிவிட நினைக்கும் பெலியாஸ், உலகின் எல்லையில் இருக்கும் தங்க ஆட்டுத்தோலைக் கொண்டுவரும்படி தூண்டுகிறான். ஒலிம்பஸ் மலையில் தேவர்கள் மனிதர்களைக் காய்களாக வைத்து ஆடிக்கொண்டிருக்க, ஹீரா தேவி ஜேசனுக்கு ஐந்தே ஐந்து முறை உதவலாம் என்று ஜீயஸ் வரம்பு விதிக்கிறார். வெண்கல அரக்கன் டேலோஸ், சிறகுள்ள பேய்ப்பெண்கள், மோதும் பாறைகள், ஏழு தலை ஹைட்ரா ஆகியவற்றைக் கடந்து கொல்கிஸ் நாட்டில் தோலை எடுக்கும் ஜேசனை, இறுதியில் எலும்புக்கூடுகளின் படை எதிர்கொள்கிறது.

ரே ஹாரிஹவுசன் யார்?

1920 ஜூன் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். 1933இல், பதின்மூன்று வயதுக்குள், 'கிங் காங்' படத்தைப் பார்த்தார். அந்தக் குரங்கு எப்படி நகர்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுவதே அவருடைய வாழ்க்கைத் தொழிலாகிவிட்டது. 'கிங் காங்' உருவத்தை இயக்கிய வில்லிஸ் ஓ'பிரையனைத் தேடிச் சென்று சந்தித்து, பிற்பாடு 1949இல் வெளிவந்த 'மைட்டி ஜோ யங்' படத்தில் அவருக்கு உதவியாளராகவே பணியாற்றினார். வீட்டிலும் அவருக்குத் துணை இருந்தது. பொம்மைகளுக்குள் இருக்கும் உலோகச் சட்டகங்களைப் பல ஆண்டுகள் அவருடைய தந்தைதான் செய்து கொடுத்தார். 1981இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' அவருடைய கடைசித் திரைப்படம். 2013 மே 7 அன்று லண்டனில் காலமானார்.

கணினி இல்லாத காலத்தில் பொம்மைகளை எப்படி நகர வைத்தார்கள்?

ஸ்டாப் மோஷன் என்ற முறையில். ஒரு விநாடித் திரைப்படத்துக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள், வேண்டும். மூட்டுகள் வைத்த உலோகச் சட்டகத்தின் மேல் ரப்பர்ப் பால் பூசிச் செய்த பொம்மையை மேசையில் நிறுத்தி, ஒரு பிரேம் எடுத்து, பிறகு அதன் கையையோ காலையோ மிகச் சிறிதளவு நகர்த்தி, அடுத்த பிரேமை எடுக்க வேண்டும். வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே நடப்பதாகக் கண்ணுக்குத் தெரியும்.

இதுவரை எளிதாகப் புரிந்துவிடும். அந்தப் பொம்மையை உயிருள்ள நடிகர்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவதில்தான் ஹாரிஹவுசனின் தனித்திறமை இருந்தது. 1958இல் வந்த 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்' படத்துக்காக ஷ்னீர் இந்த முறைக்கு 'டைனமேஷன்' என்று பெயர் சூட்டினார். முதலில் நடிகர்களை, எதிரே எதுவும் இல்லாமலே, நிஜ இடத்தில் படமாக்கிவிடுவார்கள். அந்தப் படச்சுருளை ஸ்டுடியோவில் ஒரு திரையின் பின்புறமிருந்து ஒவ்வொரு பிரேமாக வீழ்த்துவார்கள். திரைக்கு முன்னால் பொம்மையும், பொம்மைக்கு முன்னால் கண்ணாடிப் பலகையும், அதற்கு முன்னால் கேமராவும் இருக்கும். காட்சியில் பொம்மைக்கு முன்புறமாக வரவேண்டிய தரை, பாறை போன்ற பகுதியைக் கண்ணாடியில் கறுப்பு வண்ணத்தால் மறைத்துவிட்டு, மீதியைப் பொம்மையோடு சேர்த்துப் பதிவு செய்வார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, பதிவான பகுதியை மறைத்து, விட்டுப்போன முன்பகுதியை மட்டும் இரண்டாம் முறை பதிவு செய்வார்கள். நம் படங்களில் இரட்டை வேடக் காட்சிகளுக்கு மாஸ்க் வைத்து ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படமெடுத்த அதே அடிப்படைதான். விளைவாக, பொம்மைக்குப் பின்னாலும் நிஜ உலகம் இருக்கும், முன்னாலும் நிஜ உலகம் இருக்கும். நடுவில் அது அகப்பட்டு நிற்கும்போது, மேசைமேல் நிற்கும் பொம்மை என்று நம் கண் சந்தேகிப்பதில்லை.

எலும்புக்கூடுகளின் சண்டைக்கு ஏன் இத்தனை புகழ்?

ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு வாளும் கேடயமுமாக மோதுகின்றன. சில நிமிடங்களே ஓடும் இந்தக் காட்சியின் உருவ இயக்கத்துக்கு மட்டும் நான்கரை மாதங்கள் ஆயின. ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதின்மூன்று பிரேம்கள். அதாவது, ஒரு முழு நாள் உழைப்புக்குத் திரையில் அரை விநாடி கிடைக்கும். ஒவ்வொரு கூட்டுக்கும் தலை, இரண்டு கைகள், இரண்டு கால்கள் என ஐந்து உறுப்புகளை நகர்த்த வேண்டும் என்றால், ஒரு பிரேமுக்கு முப்பத்தைந்து அசைவுகள். அவற்றில் எந்தக் கூடு முன்னேறுகிறது, எது வாளை ஓங்கிய நிலையில் பாதியில் நிற்கிறது, எது பின்வாங்குகிறது என்பதையெல்லாம் மனத்திலேயே வைத்துக்கொண்டு, உதவியாளர் எவரும் இல்லாமல், ஹாரிஹவுசன் தனி ஆளாகச் செய்து முடித்தார்.

இதில் நடிகர்களின் பங்கு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. இத்தாலிய வாள்வீச்சு ஆசான் ஃபெர்டினாண்டோ போஜ்ஜியின் மேற்பார்வையில், உடையில் எண்கள் எழுதிய சண்டைக் கலைஞர்கள் எலும்புக்கூடுகளின் இடத்தில் நின்று, நடனப் பயிற்சி நடப்பதைப் போல ஒவ்வொரு வீச்சையும் எண்ணி ஒத்திகை பார்த்தார்கள். பிறகு அவர்கள் விலகிக்கொள்ள, நடிகர்கள் மட்டும் வெறுங்காற்றோடு அதே சண்டையை மறுபடியும் போட்டார்கள். முழு வேகத்தில் வீசிய வாளை, எதிரே எதுவும் தடுக்காத வெற்றிடத்தில், கேடயத்தில் பட்டது போலச் சட்டென்று நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை யாரும் ஒரு குச்சியை எடுத்து வீசிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். போஜ்ஜியே காஸ்டர் என்ற பாத்திரமாக இந்தச் சண்டையில் நடித்திருக்கிறார்.

அந்த எலும்புக்கூடுகளில் ஒன்று புதியது அன்று; 1958ஆம் ஆண்டு சின்பாத் படத்தில் தனியாக வாள் வீசிய அதே கூடு, இங்கே மற்ற ஆறோடு சேர்ந்து மறுபடியும் களம் இறங்கியிருக்கிறது.

நான் இந்தக் காட்சியில் மிகவும் மதிப்பது சண்டைக்கு முந்திய சில விநாடிகளை. கொல்கிஸ் நாட்டு அயீட்டீஸ் மன்னன் ஹைட்ராவின் பற்களை மண்ணில் விதைக்கிறான், நிலம் வெடித்து ஒவ்வொன்றாக எழும்புகின்றன, எழுந்தவை உடனே பாய்வதில்லை. கேடயத்தை முன்னே பிடித்து, மெல்ல அடியெடுத்து வைத்து, அணிவகுத்து நிற்கின்றன. பிறகுதான் ஓர் அலறலோடு ஓடிவருகின்றன. அவசரப்படாத அந்த நிதானமே, இவை உத்தரவுக்குக் கட்டுப்பட்ட படைவீரர்கள் என்பதை நமக்கு உணர்த்துகிறது. மண்டையோட்டுக்கு முகபாவம் என்று எதுவும் கிடையாது. முழு நடிப்பும் தோள், முழங்கால், கழுத்து ஆகியவற்றின் சாய்வில்தான் இருக்கிறது.

டேலோஸ் ஏன் அவ்வளவு விறைப்பாக நடக்கிறான்? அது தொழில்நுட்பக் குறையா?

குறை இல்லை, வேண்டுமென்றே செய்தது. டேலோஸ் வெண்கலச் சிலை. தன்னுடைய மற்ற உருவங்களை எப்படியாவது வழுவழுப்பாக நகர வைக்கப் போராடிய ஹாரிஹவுசன், இதற்கு மட்டும் அசைவுகளைக் கடினமாக, தயங்கித் தயங்கி வரும்படி அமைத்தார்.

பலர் எலும்புக்கூடுகளையே படத்தின் உச்சம் என்பார்கள். என் கணிப்பில் டேலோஸ் தலையைத் திருப்பும் அந்த ஒரு கணம் அதைவிட உயர்ந்தது. ஹெர்குலிஸும் அவன் நண்பன் ஹைலஸும் வெண்கலத் தீவில் மாபெரும் சிலைகள் நிற்கும் இடத்துக்கு வருகிறார்கள். ஒரு சிலையின் பீடத்துக்குள் நுழைந்தால் உள்ளே தேவர்களின் புதையல். எதையும் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை மறந்து, ஈட்டி அளவுக்கு நீண்ட ஓர் ஊசியை ஹெர்குலிஸ் எடுத்துக்கொள்கிறான். வெளியே வந்து நிற்கிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது, காற்று மட்டும் வீசுகிறது. அப்போது மேலே, மண்டியிட்டிருக்கும் அந்தச் சிலையின் தலை, துருப்பிடித்த உலோகம் உரசும் ஓசையோடு, அவர்களை நோக்கித் திரும்புகிறது. கண்ணில் கருவிழி இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தே பார்த்தாலும் முதுகு சில்லிடும்.

அவனுடைய சாவும் அதே அக்கறையோடு செய்யப்பட்டிருக்கிறது. ஹீராவின் யோசனைப்படி ஜேசன் அவன் குதிகாலில் உள்ள மூடியைத் திருகித் திறந்ததும், கொதிக்கும் திரவம் உள்ளிருந்து கொட்டுகிறது. டேலோஸ் மூச்சுத் திணறுபவனைப் போலக் கைகளால் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறான், உடல் விரிசல் விடுகிறது, சரிந்து விழுகிறான். வெண்கலத்துக்கு ஏது மூச்சு என்று கேட்கலாம். அந்தக் கையசைவைச் சேர்த்ததால்தான், அதுவரை நாம் பயந்த அரக்கன்மீது கடைசி நொடியில் நமக்கு இரக்கம் பிறக்கிறது.

எல்லா உயிரினங்களும் ஸ்டாப் மோஷன் பொம்மைகள்தானா?

ஒன்று மட்டும் இல்லை. மோதும் பாறைகளுக்கிடையே கடலிலிருந்து எழுந்து, தோள்களால் பாறைகளைத் தாங்கிக் கப்பலுக்கு வழிவிடும் கடல்தெய்வம் ட்ரைட்டன், உண்மையில் ஒரு நடிகர். கப்பல்தான் சிறிய மாடல். தண்ணீரை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நகர்த்த முடியாது என்பதால் இங்கே வேறு வழியில்லை. வழக்கத்தைவிட அதிக வேகத்தில் ஃபிலிமை ஓட்டிப் படமெடுத்து, சாதாரண வேகத்தில் திரையிட்டால், தொட்டித் தண்ணீரும் பெருங்கடலின் கனத்தோடு அசையும். ஆனாலும் நீர்த்துளிகளைச் சிறிதாக்க எந்த உத்தியாலும் முடியாது. கூர்ந்து பார்ப்பவர்களுக்கு அளவு வேறுபாடு தெரிந்துவிடும்.

கதை கிரேக்கப் புராணத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது?

மூலக்கதையை நமக்கு முழுமையாகத் தருவது, கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டில் ரோட்ஸ் நாட்டு அப்பொலோனியஸ் இயற்றிய 'ஆர்கனாட்டிகா' என்ற காவியம். படம் அதிலிருந்து தாராளமாக விலகுகிறது. காவியத்தில் டேலோஸ் கிரீட் தீவின் காவலன். பயணம் முடிந்து திரும்பும் வழியில் எதிர்ப்படுகிறான். அவனை வீழ்த்துவது மெடியாவின் மந்திரம். துறைமுகத்தின் இருபுறமும் கால் ஊன்றிக் கப்பலை மறிக்கும் அவனுடைய பிரம்மாண்டத் தோற்றம், ரோட்ஸ் தீவில் இருந்ததாகச் சொல்லப்படும் மாபெரும் சிலையின் கற்பனைச் சித்திரத்திலிருந்து வந்தது. ஹைலஸைக் காவியத்தில் நீர்த்தேவதை ஒருத்தி சுனைக்குள் இழுத்துக்கொள்கிறாள். படத்தில் அவன் டேலோஸின் உடலுக்கு அடியில் நசுங்கி இறக்கிறான்.

தங்கத்தோலைக் காப்பது மூலத்தில் உறங்காத ஒரு பெரும்பாம்பு. ஹைட்ராவோ ஹெர்குலிஸின் சாகசங்களைச் சேர்ந்தது. ஒரு தலைப் பாம்பைவிட ஏழு தலைகள் திரைக்குப் பொருத்தம் என்று அதை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். விதைத்த பற்களிலிருந்து காவியத்தில் முளைப்பவர்கள் சதையும் இரத்தமும் உள்ள போர்வீரர்கள். படத்துக்கு முதலில் அழுகிய பிணங்கள் எழுந்து வருவதாக யோசித்து, தணிக்கைச் சிக்கல் வரும் என்ற அச்சத்தில் சுத்தமான எலும்புக்கூடுகளுக்கு மாறினார்கள். அந்த அச்சத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

எங்கே படமாக்கப்பட்டது?

பெரும்பகுதி இத்தாலியின் தென்பகுதியில், நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள பலினூரோ கடற்கரையிலும் அதைச் சுற்றியும் எடுக்கப்பட்டது. பார்வையிழந்த ஃபினியஸின் உணவைப் பறித்துத் துன்புறுத்தும் ஹார்ப்பிகள் என்ற சிறகுள்ள பேய்ப்பெண்கள் வரும் காட்சி, பேஸ்டமில் இன்றும் நிற்கும் பண்டைய கிரேக்கக் கோயிலில் எடுக்கப்பட்டது. மனிதர்கள் ஏறி வலை விரிக்கும் தூண்கள் செட் இல்லை, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளைத் தாண்டிய கல். படத்தின் கற்பனை உருவங்களுக்கு எடை கூடுவதற்கு இந்த நிஜக் கற்களும் ஒரு காரணம்.

இசையைப் பற்றிச் சொல்லுங்கள்.

பெர்னார்ட் ஹெர்மன் இசையமைத்தார். ஹாரிஹவுசனோடு அவர் இணைந்த நான்கு படங்களில் இது கடைசி. 1960இல் வெளிவந்த 'சைக்கோ' படத்துக்கு நரம்பு வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தவர், இங்கே வயலின் குடும்பத்தையே அடியோடு விலக்கிவிட்டு, பித்தளை ஊதுகருவிகள், மரக்குழல்கள், தாள வாத்தியங்கள் ஆகியவற்றைப் பெருமளவில் பயன்படுத்தினார். டேலோஸின் காலடிகளுக்குக் கீழே ஒலிக்கும் அந்தத் தாழ்ந்த ஊதல்களைக் கேட்டால், சிலையின் எடையில் பாதியை இசைதான் சுமக்கிறது என்பது விளங்கும்.

படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

இல்லை. 1963ஆம் ஆண்டின் சிறப்புக் காட்சி விருதுக்கு 'கிளியோபாட்ரா', 'தி பேர்ட்ஸ்' என்ற இரண்டு படங்களே பரிந்துரைக்கப்பட்டன. விருது 'கிளியோபாட்ரா'வுக்குப் போனது. பட்டியலில்கூட இந்தப் படம் இடம்பெறாதது பெரிய அநீதி. 1992இல்தான் தொழில்நுட்பப் பங்களிப்புக்கான கார்டன் சாயர் விருதை ஹாரிஹவுசனுக்கு வழங்கினார்கள். அந்த விழா மேடையில் நடிகர் டாம் ஹாங்க்ஸ், சிலருக்கு 'காசாபிளாங்கா'வோ 'சிட்டிசன் கேன்'னோ மிகச் சிறந்த படமாக இருக்கலாம், தனக்கு 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்'தான் என்று அறிவித்தார்.

இன்றைய கணினிக் காட்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பழையதாகத் தெரியாதா?

தெரியும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நிஜமாக நகரும் பொருளைக் கேமரா பிடிக்கும்போது உருவம் லேசாகக் கலங்கித் தெரியும்; ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு பிரேமிலும் பொம்மை அசையாமல் நிற்பதால் அந்தக் கலங்கல் இருக்காது; அதனால் வேகமான அசைவுகள் சற்றே வெட்டி வெட்டி வருவதாகத் தோன்றும். பின்திரையில் வீழ்த்திய காட்சியை மறுபடியும் படமெடுப்பதால், உயிரினம் வரப்போகும் ஷாட்டில் நிறம் மங்கி மணல் மணலாகத் தெரிவதையும் கவனிக்கலாம்.

ஆனால் இதை வைத்துப் படத்தை எடைபோடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. ஹாரிஹவுசன் செய்தது நடிப்பு. ஒரு நடிகர் தன் உடம்பால் செய்வதை அவர் பொம்மையின் உடம்பால், மிகக் குறைந்த வேகத்தில் செய்தார். எங்கே தயங்க வேண்டும், எங்கே தலையைச் சாய்க்க வேண்டும் என்ற முடிவுகள் அனைத்தும் ஒரே மனிதரின் விரல்களிலிருந்து வந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து உருவாக்கும் இன்றைய உருவங்களில் தோலின் ஒவ்வொரு துளையும் தெரிகிறது. ஆயினும் அவற்றில் பல, படம் முடிந்து வெளியே வருவதற்குள் நினைவிலிருந்து மறைந்துவிடுகின்றன. டேலோஸை ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

படத்தில் குறைகளே இல்லையா?

உண்டு. உயிரினங்கள் இல்லாத இடங்களில் கதை தளர்கிறது. ஜேசனின் குரல் டாட் ஆம்ஸ்ட்ராங்கின் குரல் அன்று, வேறொருவர் பேசியது. நான்சி கோவாக்குக்கும் அப்படியே. அந்த ஒட்டாமை சில காதல் காட்சிகளில் நன்றாகவே தெரிகிறது. மெடியா படத்தின் பிற்பகுதியில்தான் வருகிறாள், வந்த பிறகும் அவளுக்குச் செய்ய அதிகம் இல்லை. கிரேக்க இலக்கியத்தின் மிக வலிமையான பெண் பாத்திரங்களில் ஒருத்தியை இப்படி வீணடித்திருக்க வேண்டாம்.

பெலியாஸைப் பழிவாங்காமலே படம் முடிந்துவிடுகிறதே, ஏன்?

எலும்புக்கூடுகளிடமிருந்து தப்பிக் கடலில் குதித்த ஜேசன், கப்பலை அடைந்து மெடியாவோடு சேர்கிறான். ஜேசனுக்கு இன்னும் சாகசங்கள் காத்திருக்கின்றன, ஆட்டத்தை வேறொரு நாள் தொடரலாம் என்று ஜீயஸ் சொல்வதோடு படம் நின்றுவிடுகிறது. தொடர்ச்சியாக இரண்டாம் படம் எதுவும் வரவில்லை. மெடியா தன் பிள்ளைகளையே கொல்லும் இடம்வரை போகும் புராணக்கதையை எண்ணிப் பார்த்தால், கடலின் நடுவே மகிழ்ச்சியாக இருக்கும்போதே நிறுத்தியது புத்திசாலித்தனம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். 104 நிமிடங்கள்தான். மிகச் சிறிய பிள்ளைகள் மட்டும் எலும்புக்கூடுகள் அலறும் இடத்தில் பயப்படலாம். அப்போது பக்கத்தில் இருந்தால் போதும். முடிந்த பிறகு ஒரு கைப்பேசியும் களிமண் உருவமும் கொடுத்தால், பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களே ஒரு ஸ்டாப் மோஷன் துண்டுப்படம் எடுத்துவிடுவார்கள்.

அந்த மாடல்கள் இப்போது இருக்கின்றனவா?

ஹாரிஹவுசன் தன் மாடல்களையும் ஓவியங்களையும் பெருமளவில் பத்திரப்படுத்தியிருந்தார். 1986இல் அவரும் மனைவி டயானாவும் தங்கள் பெயரில் நிறுவிய அறக்கட்டளை அவற்றைப் பராமரிக்கிறது. 2020இல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நவீனக் கலைக்கூடத்தில் பெரிய கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன. ரப்பர்ப் பால் காலப்போக்கில் காய்ந்து நொறுங்கும் பொருள் என்பதால், இந்தப் பராமரிப்பு ஓயாத வேலை.

பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

முதலில் 1958ஆம் ஆண்டு சின்பாத் படம். அதில் வரும் ஒற்றைக்கண் அரக்கனும் ஒற்றை எலும்புக்கூடும் இந்தப் படத்துக்கான முன்னோட்டங்கள். அடுத்து 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்'. படம் முழுவதும் பிடிக்காவிட்டாலும், தீப்பந்த வெளிச்சத்தில் மெடூசா ஊர்ந்து வரும் பகுதிக்காக அதைத் தவறவிடக் கூடாது. பிறகு, இவை அனைத்துக்கும் தொடக்கமான 1933ஆம் ஆண்டு 'கிங் காங்'. காலவரிசைப்படி பார்க்க விரும்புபவர்கள் 'கிங் காங்'கில் தொடங்கலாம், ஆனால் முதன்முறை பார்ப்பவர்களுக்கு நான் ஜேசனையே முதலில் வைப்பேன்.